ஐந்து தக்காளிக் கூறு

எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் இனிமேல் காய்கறியைப் போனிலேயே வாங்கலாம் என்று ஆகிவிட்டது. படத்தைத் தொட்டால் விலை வருகிறது. இன்னொரு தரம் தொட்டால் வீட்டுக்கே வந்துவிடுமாம். இதை ஒட்டிச் சங்கத்தில் ஒரு மலர் போடுகிறார்கள். செயலாளர் தம்பி சத்துவாச்சாரியில் என் வீட்டுக்கே வந்து, "அக்கா, காய்கறி வண்டியில பதினாலு வருஷம் போனவங்க நீங்க. விலைன்னா இன்னா, அதை ஜனங்க கிட்ட எப்படிக் கொண்டு போறதுன்னு புதுசா வந்தவங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்று கேட்டார்.

சரி என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு நான்கு நாள் பேப்பரை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? யோசிக்க யோசிக்க ஒன்றும் தெரியாதது போலத்தான் இருக்கிறது. எது சரி, எது தப்பு என்று மலரில் எழுதும் அளவுக்கு எனக்கே தெளிவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்காவது ஏதாவது புரிந்தால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். கணக்கில் போய்விட்டது. எங்கள் சபையில் ஒரு பெரியவர் சொல்லித்தான் சங்கத்தில் பொட்டலம் கட்டும் வேலை கிடைத்தது. பருப்பு, மிளகாய், புளி என்று சில வருஷம் கட்டினேன். பிறகு எடை போடும் மேசை. பிறகு பில் போடும் மேசை. கல்யாணம், இரண்டு பிள்ளைகள் எல்லாம் அதற்கு நடுவில். கிராமங்களுக்குக் காய்கறி வண்டி விடுகிறோம், விற்பனைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டபோது யாரும் கை தூக்கவில்லை. வெயில், தூசி, கழிப்பிட வசதி கிடையாது. நான் ஏன் தூக்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தவர். "கடையில ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்திருந்த ஆளு, உனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்றார்.

வண்டிக்கு மேலதிகாரி சம்பந்தம் சார். கொள்முதல் கண்காணிப்பாளர். நெற்றியில் மூன்று பட்டை விபூதி, சட்டைப் பையில் சாக்பீஸ், கால்சட்டைப் பையில் கைக்குட்டையில் முடிந்த அரைக் கிலோ எடைக்கல். அந்தப் பக்கம் மட்டும் கால்சட்டை எப்போதும் சற்று இறங்கியே இருக்கும். "சாரு ஒரு பக்கமா சாய்ஞ்சு நடக்குறாரு, தராசு மட்டும் நேரா நிக்கணுங்குறாரு" என்பார் எங்கள் வண்டி டிரைவர் கரீம் பாய். சார் காதில் விழும்படிதான் சொல்வார். சார் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார்.

முதல் மாதம் என்னை விடியற்காலையில் மண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். விலை எப்படிப் பிறக்கிறது என்று நான் பார்க்க வேண்டுமாம். மூன்று மண்டிக்கு மட்டும் போவார். என்றைக்கும் அதே மூன்றுதான். எடுத்த எடுப்பில் "இன்னைக்கு என்ன விலை?" என்று கேட்கவே மாட்டார். தக்காளிப் பெட்டியைத் திறந்து பார்ப்பார். அடியில் கையை விட்டு ஒன்றை எடுத்து முகர்வார். பிறகு, "நேத்து இன்னா விலைக்குப் போச்சு?" என்பார். மண்டிக்காரர் சொல்வார். அதன் பிறகுதான் இன்றைய விலை.

"நேத்து விலை நமக்கு எதுக்கு சார்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இன்னைய விலையில ஆசை இருக்கும்மா. நேத்தையது முடிஞ்சுபோனது. முடிஞ்சுபோனதுல பொய் சொல்லி யாருக்கும் லாபமில்ல. அதைக் கேட்டுட்டா இன்னைக்கு எவ்ளோ பொய்னு தெரிஞ்சுடும்."

மூன்று விலையில் உயர்ந்ததையும் தாழ்ந்ததையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதை எடுப்பார். வண்டிச் செலவுக்கும் வாடிப்போவதற்குமாக ஒரு சிறு தொகை கூட்டுவார். சாக்பீஸை டம்ளர் தண்ணீரில் தொட்டுப் பலகையில் எழுதுவார். ஈரமாக எழுதினால் முதலில் ஒன்றுமே தெரியாது. காய்ந்த பிறகு வெள்ளை வெளேரென்று தெரியும், தூறல் பட்டாலும் சட்டென்று அழியாது. எழுதி முடித்ததும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படிப்பார். அதன் பிறகு மறுநாள் காலை வரை அந்த விலையில் யாரும் கை வைக்கக் கூடாது. எட்டு ஊருக்கும் ஒரே விலை. "விலையை நாம வைக்கல. சந்தை வைக்குது. நாம படிச்சுக் காட்டுறோம், அவ்ளோதான்" என்பார். ஒவ்வொரு ஊரிலும் விற்பனை தொடங்குமுன் அந்த அரைக் கிலோ கல்லை ஜனங்கள் பார்க்கத் தராசில் வைத்துக் காட்ட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். எனக்கும் ஒரு கல் கொடுத்தார். நான் கல்லை வைக்குமுன் கண்ணை மூடி ஒரு சிறு ஜெபம் செய்வேன். அதைப் பார்த்துவிட்டு, "செய்ம்மா. உங்க சாமிக்கும் எங்க சாமிக்கும் தராசு ஒண்ணுதான்" என்றார்.

இப்போது மணலேரிக்கு வருகிறேன்.

எட்டு ஊரில் அது கடைசி. ஆம்பூர் சாலையிலிருந்து பிரிந்து பாலாற்றங்கரையோரம் உள்ளே போக வேண்டும். மத்தியானம் கிளம்பினால் அங்கே சேரும்போது மாலை ஆறரை. ஷூ கம்பெனி பஸ் பெண்களை இறக்கிவிடும் நேரமும் அதுதான். ஊர்க் கிணறுகள் உப்பாகிப் பல வருஷமாயிற்று. வீட்டுக்குப் பின்னால் ஒரு கத்தரிச் செடி வைத்தால்கூட ஓரம் கருகிவிடும். இருந்த இரண்டு முருங்கை மரமும் ஊரே ஒடித்து ஒடித்து மொட்டையாக நின்றன. ஒரே ஒரு பெட்டிக்கடை. முளைவிட்ட உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை, அப்புறம் சரம் சரமாக சிப்ஸ் பாக்கெட். பச்சையாக ஒன்று வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி ஆம்பூருக்குப் போக வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில் வண்டி நின்றால் கூட்டம் அள்ளும் என்று நினைத்தேன். முதல் மாதம் ஒரு கூடை தக்காளிகூடப் போகவில்லை. சுற்றி நின்று பார்ப்பார்கள். தொட்டுப் பார்ப்பார்கள். போய்விடுவார்கள்.

பவுனு என்று ஓர் அம்மா. இருபது வருஷம் டேனரியில் தோலின் உப்பை உதறிய கை. அவர்தான் ஒரு நாள் நேராகக் கேட்டார்.

"பத்து ரூபாய்க்கு எத்தினி தருவ?"

"கிலோ நாப்பதும்மா. பத்து ரூபாய்க்கு இருநூத்தம்பது கிராம்."

"அதான் எத்தினி?"

"எண்ணிக்கை சொல்ல முடியாதும்மா. எடைதான். பாருங்க, கல்லு வச்சுக் காட்டினேனே."

"யம்மாடி, எடையைப் பத்தி என்கிட்ட சொல்லாதே. தோலை உப்போட நிறுத்தா ஒரு எடை, உதறிட்டு நிறுத்தா ஒரு எடை, காலையில ஒரு எடை, சாயந்திரம் ஒரு எடை. எல்லா எடையும் நான் பார்த்தாச்சு. எண்ணிக்கைன்னா ஏமாத்த முடியாது. அஞ்சுன்னா அஞ்சு."

பக்கத்தில் நின்ற சின்னப் பெண் சிரித்தாள். "எங்க கம்பெனி லைன்ல கூட ஜோடிக் கணக்குதான்க்கா. இத்தினி ஜோடி தைச்சா இவ்ளோ. கிராம் கணக்குல யாரு தைக்கிறா?" என்றாள். அவள்தான் கஸ்தூரி. அப்போது மூன்று மாதம் அவளுக்கு. ஆஸ்பத்திரியில் ரத்தம் கம்மி, கீரையும் பச்சைக் காயும் தினம் சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கீரை கட்டாக இருப்பதால் அவள் நம்பி வாங்குவாள். தினம் ஒரு கட்டு. வேறொன்றும் வாங்க மாட்டாள். ஒரு கட்டுக் கீரைக்காக ஒரு வண்டி அவ்வளவு தூரம் வருமா?

சங்கத்தின் விதி அப்படி. மூன்று மாதத்தில் குறிப்பிட்ட அளவு விற்காத ஊரை வழித்தடத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். இரண்டு மாதம் முடிந்திருந்தது.

"பவுனம்மா, அந்தப் பெட்டிக்கடை சிப்ஸை மட்டும் எப்படி நம்பி வாங்குறீங்க? அதுலயும் எண்ணிக்கை இல்லையே?" என்று வயிற்றெரிச்சலில் கேட்டேன்.

"அது எப்பவும் அஞ்சு ரூபாதானே? மழை பேஞ்சாலும் அஞ்சு, வெயில் அடிச்சாலும் அஞ்சு. உன் தக்காளி நேத்து முப்பத்தெட்டு, இன்னைக்கு நாப்பது, நாளைக்கு இன்னாவோ. எங்க கூலி இன்னா தினம் ஏறுதா?"

அந்த வார்த்தை வீடு வரைக்கும் என்னோடு வந்தது. ஜெபத்தில் உட்கார்ந்தும் அதேதான் ஓடியது. மறுநாள் மணலேரியில் சாக்கை விரித்து ஐந்து ஐந்து தக்காளியாகக் கூறு கட்டி வைத்தேன். எடை போட்டுத்தான் கட்டினேன், இருநூற்றைம்பது கிராம். கூறு பத்து ரூபாய். மேலே ஒரு கொத்து கறிவேப்பிலை கொசுறு. சங்கத்தில் கூறு போட்டு விற்க அனுமதி கிடையாது.

கரீம் பாய் பீடியை எறிந்துவிட்டுப் பார்த்தார். "இன்னா சிஸ்டர், ரோட்டோரக் கடை போட்டுட்டீங்க? சாரு வந்தா கல்லைத் தூக்கி என் தலையில போடுவாரு."

"உங்க தலையில எதுக்கு பாய்?"

"உங்க தலையில போட மாட்டாரு. யாராவது வேணுமில்ல?"

கூறு அத்தனையும் போயிற்று. பவுனம்மா மட்டும் எல்லாக் கூறையும் புரட்டிப் பார்த்து, ஒன்றில் ஆறு சின்னத் தக்காளி இருந்ததைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டார். எடை எல்லாவற்றிலும் ஒன்றுதான் என்று சொன்னேன். "உனக்கு ஒண்ணு, எனக்கு ஆறு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதுவரைக்கும் என் மனதில் குழப்பம் இல்லை. குழப்பம் ஐப்பசி மழையோடு வந்தது. தக்காளி ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது என்று ஏறியது. நியாயப்படி கூறில் மூன்று தக்காளிதான் வைக்க வேண்டும். எனக்குக் கை வரவில்லை. ஐந்தே வைத்தேன். குறைந்ததை என் கையிலிருந்து போட்டேன். தினம் பதினைந்து, இருபது கூறு, கூறுக்கு ஐந்து ரூபாய். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு எனக்குப் புடவை எடுக்கவில்லை. வீட்டுக்காரர் கேட்டபோது, "இருக்கிறதைக் கட்டிக்கிறேன்" என்றேன். தை பிறந்ததும் விலை இறங்கியது. முப்பது, இருபத்தைந்து, இருபது. அப்போதும் ஐந்தே வைத்தேன். போட்டது திரும்பி வந்தது. எவ்வளவு போட்டேன், எவ்வளவு வந்தது என்று எழுதி வைக்கவில்லை. கணக்கில் போனவள்தானே. மனதில் ஒரு குத்துமதிப்பு இருந்தது. சிப்ஸ் பாக்கெட் மாதிரி என் கூறும் எப்போதும் பத்து ரூபாய், எப்போதும் ஐந்து தக்காளி. மணலேரியின் விற்பனை விதிக்குத் தேவையானதைத் தாண்டியது. ஊர் வழித்தடத்தில் நின்றது. கஸ்தூரிக்குக் கீரை தினம் வந்தது. இதைவிட வேறென்ன வேண்டும் என்று இருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு மாலை சம்பந்தம் சார் சொல்லாமல் கொள்ளாமல் தன் பழைய மொபெட்டில் மணலேரிக்கு வந்து நின்றார். கம்பெனி பஸ் அப்போதுதான் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பியது. சாக்கின் மேல் பதினெட்டுக் கூறு. சுற்றிப் பெண்கள்.

சார் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கைக்குட்டையை அவிழ்த்து அரைக் கிலோ கல்லைத் தராசில் வைத்தார். சரியாகக் காட்டியது. கல்லை எடுத்துவிட்டுக் குனிந்து ஒரு கூறை, ஏதோ பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் அள்ளித் தராசில் வைத்தார். இருநூற்றைம்பது. நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். காலையில் அவரே எழுதிப் படித்த விலை. தக்காளி கிலோ இருபது.

"கூறு எவ்ளோம்மா?" என்று கஸ்தூரியைக் கேட்டார். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம் முடிகிற நேரம். வயிறு முன்னே வந்திருந்தது. கையில் பத்து ரூபாயைத் தயாராக மடித்து வைத்திருந்தாள்.

"பத்து ரூபா சார்."

"இருபது ரூபா கிலோ. பத்து ரூபாய்க்கு அரைக் கிலோ வரணும். இது கால் கிலோ" என்றார் சார், என்னைப் பார்த்து. குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மழைக்காலம், அறுபது ரூபாய், கையிலிருந்து போட்டது, இப்போது வந்தது. சொல்லச் சொல்ல எனக்கே அது திருடியவள் சொல்லும் சாக்குப் போலக் கேட்டது.

பவுனம்மா முன்னால் வந்தார். "சாரு, மழையில எல்லா எடத்துலயும் பத்து ரூபாய்க்கு ரெண்டு தக்காளி, மூணு தக்காளின்னு கொடுத்தானுங்க. இந்தம்மா மட்டும் அஞ்சு குடுத்துச்சு. அதை இன்னாத்துக்கு எடை போடல நீங்க?"

"அப்போ வாங்கினவங்க யாரும்மா?"

"நான் வாங்கினேன். இவ வாங்கினா, அவ வாங்கினா."

சார் கஸ்தூரியின் பக்கம் திரும்பினார். "நீ வாங்குனியாம்மா மழைக்காலத்துல?"

"இல்ல சார். அப்போ கீரை மட்டும்தான். பொங்கலுக்கு அப்புறம்தான், அவருக்கு ஓவர்டைம் வந்ததும், தக்காளி வாங்குறேன்." இதைச் சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "யக்கா, அப்போ நான் மட்டும் ஜாஸ்தி குடுத்துனு இருந்தனா?"

இத்தனை வருஷத்தில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். அழுகல் என்று முகத்துக்கு நேரே எறிந்தவர்கள் உண்டு. இந்தக் கேள்வி மாதிரி ஒன்று என்னைத் தொட்டதில்லை. ஊரிலேயே ரத்தம் குறைந்த பெண் அவள். யாருக்குக் கீரை நின்றுவிடக் கூடாது என்று இந்தக் கூறைக் கட்ட ஆரம்பித்தேனோ, அவளிடம்தான் கூடுதலாக வாங்கியிருக்கிறேன். பவுனம்மாவுக்கு ஐப்பசியில் கொடுத்ததை மாசியில் கஸ்தூரியிடம் எடுத்திருக்கிறேன். அப்படிச் செய்கிறேன் என்று எனக்கே தெரியாது.

"நீ வுடுடி, அடுத்த மழைக்கு உனக்கும் கிடைக்கும்" என்றார் பவுனம்மா.

"அடுத்த மழைக்கு இருக்கிற எடத்துல இருப்பனோ இல்லையோ ஆயா, யாருக்குத் தெரியும்?" என்றாள் அவள். 

நான் சார் பக்கம் திரும்பி, "சார், சிப்ஸ் பாக்கெட்டும் எப்பவும் ஒரே விலைதானே" என்றேன். வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

சார் பெட்டிக்கடைக்கு நடந்துபோய் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பின்பக்கத்தில் பொடி எழுத்தைத் தேடினார். "இதுல எத்தனை கிராம்னு அச்சடிச்சிருக்கான் பாரு. விலையை மாத்த மாட்டான், கிராமை மாத்துவான். ஆனா மாத்தினதை எழுதிட்டான். நீ எழுதல, அவ்ளோதான்" என்றார். பாக்கெட்டைப் பிரிக்காமல் கஸ்தூரியிடம் கொடுக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக் கரீம் பாயிடம் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு எல்லாக் கூறிலும் இன்னொரு ஐந்து தக்காளி சேர்த்து வைக்கச் சொன்னார். கஸ்தூரிக்குப் பொங்கலிலிருந்து சேர வேண்டியதை அவளிடமே கேட்டு, ஒரு பையில் காயும் கீரையுமாக என் கையாலேயே கொடுக்க வைத்தார். என் மேல் எழுத்து மூலம் ஒன்றும் செய்யவில்லை. கூறு போடக் கூடாது என்றும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொன்னார். "கூறு போடு. அன்னைக்கு விலைக்குப் பத்து ரூபாய்க்கு எத்தனை கிராமோ அத்தனை வை. பலகையில கிராமை எழுது. வாய்விட்டுப் படி."

அப்படியே செய்தேன். மாசியில் பத்துத் தக்காளி வைத்த கூறு. எல்லாருக்கும் சந்தோஷம். சித்திரையில் கஸ்தூரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ என்று வண்டியிடம் வந்து சொன்னது பவுனம்மாதான். "அந்த எடையை மட்டும் நம்புறீங்களா?" என்றார் கரீம் பாய். "போடா, அது நானே கையில தூக்கிப் பார்த்தது" என்றார் பவுனம்மா.

வெயில் ஏறியது, விலையும் ஏறியது. பத்து ஏழானது. ஏழு ஐந்தானது. ஐந்து மூன்றானது. ஒவ்வொரு நாளும் கல்லை வைத்தேன், கிராமை எழுதினேன், படித்தேன். அத்தனையும் உண்மை. பெண்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிச் சாக்கைப் பார்ப்பார்கள். "மாசியில பத்து குடுத்த, இப்போ மூணா? நல்லாத்தான் இருந்த நீ, அந்த சாரு வந்து கெடுத்துட்டாரு" என்பார்கள். மறுநாள் சாக்குப் பக்கம் வர மாட்டார்கள். பெட்டிக்கடையில் சிப்ஸ் சரம் மட்டும் விற்றுக் குறைந்துகொண்டே வந்தது. கைப்பிள்ளையோடு கஸ்தூரி வந்து ஒரு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு போவாள். பழைய கூறையே மறுபடி கட்டலாமா என்று எத்தனையோ நாள் ஜெபித்தேன். கட்டு என்றும் பதில் வரவில்லை, கட்டாதே என்றும் வரவில்லை.

ஆவணியில் மணலேரியை எடுத்துவிட்டார்கள்.

அந்தக் கடைசி மாலை சம்பந்தம் சாரும் வண்டியிலேயே வந்தார். வண்டியின் பக்கவாட்டில் எட்டு ஊர்ப் பெயரும் அவர் கையெழுத்தில் சாக்பீஸால் எழுதியிருக்கும். கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து எட்டாவது பெயரைத் துடைத்தார். ஈரமாக எழுதியது என்பதால் லேசில் போகவில்லை. மூன்று தரம் துடைத்தார். பிறகு என்னிடம் வந்து, "ஞானசுந்தரி, நான் செஞ்சது சரிதானேம்மா?" என்றார்.

"சரிதான் சார்."

"நீ செஞ்சதும் கெட்ட எண்ணத்துல செஞ்சதில்ல. அப்புறம் எப்படிம்மா இந்த ஊருக்குக் காய் இல்லாமப் போச்சு?"

என் மேலதிகாரி என்னிடம் கேட்டதில் எனக்குப் பதில் தெரியாத கேள்வி அது ஒன்றுதான். அவருக்கும் தெரியாமல்தான் கேட்டார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் மணலேரி என்ற பெயரை அவர் எடுக்கவில்லை. சில வருஷத்துக்கு முன் காலமாகிவிட்டார். போய் மாலை போட்டேன். அவர் வீட்டில் பூஜை அலமாரியில் அந்த அரைக் கிலோ கல் இருந்தது. அதற்கும் விபூதி பூசியிருந்தார்கள்.

நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். இந்தக் கட்டுரைக்காக நான்கு நாள் உட்கார்ந்தேன் என்றேன் அல்லவா, ஐந்தாம் நாள் பஸ் ஏறி மணலேரிக்குப் போனேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. பார்த்துவிட்டு எழுதலாம் என்று நினைத்திருக்கலாம்.

கஸ்தூரி வீட்டு வாசலில் சாக்கு விரித்திருந்தது. வண்டி நின்ற பிறகு, பிள்ளைக்குக் கீரைக்காக அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆம்பூர் போக ஆரம்பித்தாளாம். பக்கத்து வீட்டுக்காரிகள் எனக்கும், எனக்கும் என்று சொல்ல, கூடையாகி, பிறகு ஷேர் ஆட்டோவில் மூட்டையாகி, கம்பெனி வேலையை விட்டுவிட்டாள். இப்போது தினமும் சாயந்திரம் பஸ் வரும் நேரத்துக்குக் கடை. பவுனம்மா போய்ச் சேர்ந்துவிட்டாராம். கஸ்தூரியின் பெண் ஆம்பூரில் படிக்கிறாளாம்.

சாக்கின் மேல் தக்காளி. ஐந்து ஐந்தாக. மேலே ஒரு கொத்து கறிவேப்பிலை.

"கூறு எவ்ளோ கஸ்தூரி?"

"இருபது ரூபாக்கா. பத்துக்கு எல்லாம் இப்போ கட்டுப்படி ஆவல. ஆனா வருஷம் முச்சூடும் இருபதுதான், அஞ்சு தக்காளிதான். உன்கிட்ட கத்துக்கிட்டது" என்று சிரித்தாள்.

"விலை ஏறினா?"

"என் தலையில."

"இறங்கினா?"

 கறிவேப்பிலையைத் திருப்பித் திருப்பி வைத்தாள். காலையில் செயலாளர் தம்பி காட்டிய போனில் தக்காளி விலை பார்த்திருந்தேன். மிகவும் இறங்கியிருந்த சமயம் அது. பலகை, கிராம், ஒன்றும் அங்கே இல்லை. கூட்டத்தில் கடைசியாக ஒரு பெண் நின்றிருந்தாள். புதிதாகக் கல்யாணமாகி வந்தவள் போலிருந்தது, மடித்த நோட்டைக் கையில் வைத்திருந்தாள். அவள் இந்த ஊருக்கு வந்து ஒரு மழைக்காலமாவது ஆகியிருக்குமா என்று என் மனம் கேட்டது.

ஒரு கூறை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினேன். முப்பது வருஷம் எடை போட்ட கை. தராசு தேவையில்லை, அதே கால் கிலோ.

"இன்னாக்கா, தூக்கிப் பார்க்குற? கம்மியா இருக்குதா?" என்றாள் கஸ்தூரி. அவளோடு அந்தப் புதுப் பெண்ணும் என் முகத்தைப் பார்த்தாள்.

"சரியா இருக்கு" என்றேன்.

இருபது ரூபாயைக் கொடுத்துவிட்டுக் கூறைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தேன். பொய் சொல்லாதவள் என்று சபையில் எனக்குப் பெயர். அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்று முழங்காலில் நின்றேன். அது பொய் என்றால் கேட்டிருப்பேன்.